கை வெச்சவளுக்கே

மார்ச் 2, சனி

வழக்கம்போல் அண்ணியும் நானும் பழைய சாமான் கடைக்குப் போனோம். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் ஆட்கள். ஊதாத் தொப்பிக்காரி முதல் ஆளாக நின்றிருந்தாள். அவளுக்குக் கம்பளி நூல் மட்டும்தான் வேண்டும். அதனால் அவளால் எங்களுக்குத் தொந்தரவில்லை.

இன்று எனக்குக் கிடைத்தது ஒரு ஜாம் பாட்டில் நிறையப் பட்டன். வீட்டில் கொட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பல். நிஜப் பல்! யார் வீட்டுப் பிள்ளைக்கு எப்போது விழுந்ததோ. தூக்கி எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஜிப்புகள். ஒரு திரைச்சீலை — ஜன்னலில் தொங்கினால் கண்றாவி, கோட்டுக்கு உள்துணியாகத் தைத்தால் ராஜா.

அண்ணிக்கு ஒரு சுருள் முழுக்க நீல லைனிங் துணி. எனக்கு வயிற்றெரிச்சல். நான்தான் முதலில் பார்த்தேன். ஆனால் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. கல்யாணமாகி அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், இதே மாதிரி ஒரு கடையில் ஒரு லேஸ் சுருளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்து, அது நடுவில் அறுந்து, கடை முழுக்க எங்களையே பார்த்தது. அன்று பஸ்ஸில் வரும்போது அண்ணி போட்ட சட்டம்: கை வெச்சவளுக்கே. கண் பார்த்தது, மனசு நினைத்தது எதுவும் செல்லாது. கை படணும். அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

வீட்டுக்காரர் பையைப் பார்த்தார். "நான் செத்தா என்னைக் கிடத்த இந்த வீட்டுல இடம் இருக்கா?"

"சாப்பாட்டு மேசை இருக்கு."

"அதுலயும் உன் துணிதான் கிடக்கு."

மார்ச் 6, புதன்

நான் தையல் வேலை பார்க்கும் சலவைக் கடையில் இன்று முழுக்க பேண்ட் கால் மடிப்புதான். ஒருத்தர் புது பேண்டைக் கொடுத்து, "ரெண்டு காலும் ஒரே நீளமா வரணும்" என்றார். வாய் வரைக்கும் வந்தது. ஆல்டரேஷன் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாயில் குண்டூசி வைத்துக்கொள்வது எவ்வளவு நல்லது என்று இன்னொரு முறை புரிந்தது.

அண்ணி எனக்கு வைத்த பெயரே குண்டூசி. வாயில் வைத்திருப்பதால் இல்லையாம். குத்துவதால்.

மார்ச் 9, சனி

அண்ணி என்னுடன் சண்டை போட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கடையின் பின்பக்கம், தையல் சாமான் அலமாரி. கம்பளி நூல் உருண்டைகளுக்குள் புதைந்து ஒரு பெரிய கத்தரிக்கோல். பழைய காலத்து இரும்பு, கறுப்புக் கைப்பிடி, வாயைச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இந்த மாதிரிக் கத்தரி இந்தக் கடைக்கு வந்து வருஷக் கணக்காகிறது. முதலில் பார்த்தது அண்ணிதான். பேசிக்கொண்டே வந்தவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்கள். கையை நீட்டினார்கள். விரல் கைப்பிடி மேல் வழுக்கி, பக்கத்தில் இருந்த நூல் உருண்டையில் போய் விழுந்தது. நான் எடுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

"அதை எனக்கு விட்டுடு" என்றார்கள்.

விளையாட்டுக்கு என்று நினைத்து நான் சிரித்தேன். "அண்ணி, சட்டம்?"

"சட்டம் தெரியும். போட்டதே நான்தான். இது ஒண்ணை மட்டும் விட்டுடு. கேக்கறேன் இல்ல?"

"உங்ககிட்டதான் நல்ல கத்தரி இருக்கே அண்ணி."

"இருக்கு" என்றார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் அந்தக் கத்தரியையே பார்த்தார்கள். "சரி. கை வெச்சது நீ. நீயே வெச்சுக்கோ."

கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். நான் வாங்கி முடித்து வருவதற்குள் பஸ்ஸும் போய்விட்டது.

நீல லைனிங் துணி போனபோது நான் மூஞ்சியைத் தூக்கினேனா? பல்லைக் கடித்துக்கொண்டு சும்மாதானே இருந்தேன்!

மார்ச் 10, ஞாயிறு

ஐயோ.

கயிற்றை அவிழ்த்து, எண்ணெய் போட்டு, பழைய சாம்பல் நிறத் துணியில் வைத்து வெட்டினேன். வெட்டவில்லை. துணி இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து உள்ளே போகிறது. ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி வருகிறது. திருகைக் கெட்டிப்படுத்தினேன். அப்போதும் மெல்லத்தான் செய்கிறது, வெட்டக் காணோம். பிறகுதான் மேசையில் வைத்துச் சரியாகப் பார்த்தேன். மேல் அலகு எதிர்ப்பக்கம் இருக்கிறது.

பீச்சாங்கைக் கத்தரி! இடது கைக்காரர்களுக்கென்று செய்தது!

எத்தனை வருஷமாக இந்தத் தொழில். சணல் கயிறு கட்டியிருந்தது, அவசரம், அண்ணி கையை நீட்டிவிட்டார்கள் என்ற பதைப்பு. அதற்காக இப்படியா? இதற்குத்தான் அத்தனை அமர்க்களம்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "எப்படி வெட்டுது?"

"வெண்ணெய் மாதிரி" என்றேன்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. மீசை இல்லாவிட்டாலும்.

மார்ச் 16, சனி

அண்ணி வரவில்லை. போன் செய்தால் அண்ணன்தான் எடுத்தார். "அவளுக்கு அசதியா இருக்கு, நீ போய்ட்டு வா." பின்னாலேயே, "அந்தக் கத்தரி எப்படிம்மா?" என்றார். அண்ணி கேட்கச் சொல்லியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் இந்த ஜென்மத்துக்கும் சிரிப்பார்கள்.

"வெண்ணெய்தான் அண்ணா. தொட்டாப் போதும்."

"அப்படியா" என்றார். 

மார்ச் 23, சனி

தனியாகப் போனேன். எல்லாவற்றையும் நிதானமாக எடுக்கலாம், போட்டிக்கு ஆள் இல்லை. ஒன்றும் எடுக்கத் தோன்றவில்லை.

மார்ச் 30, சனி

அதே. ஒரு இன்ச் டேப் மட்டும். வீட்டில் ஏற்கனவே ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

ஏப்ரல் 6, சனி

இன்று அலமாரியில் பட்டன் சரங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சரம். தடித்த நூலில் கோத்து, முனையில் ஊக்கு மாட்டி. இப்படிக் கோக்கிற ஆள் இந்த ஊரில் ஒருத்தர்தான். பட்டனை டப்பாவில் போட்டுக் கலந்து வைத்தால் அண்ணிக்கு ராத்திரி தூக்கம் வராது. பக்கத்தில் அந்த நீல லைனிங் துணி. சுருள் பிரிக்கவே இல்லை.

கடைக்காரம்மாவைக் கேட்டேன். "தொப்பி போட்ட ஒரு பெரியவர் கொண்டுவந்து வெச்சார். இன்னும் இருக்கு, அடுத்த வாரம் கொண்டாரேன்னார்" என்றாள். அண்ணன்.

எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். வேறு யாரோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? ஆனால் கோபம் கோபமாக வருகிறது. நான் வருகிற கடை, நான் வருகிற கிழமை. என் கண்ணில் படவேண்டும் என்றுதான் இங்கே கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் உன் சகவாசமே வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் பட்டனால் சொல்கிறார்கள். இருக்கட்டும்!

ஏப்ரல் 7, ஞாயிறு

அண்ணனுக்குப் போன் செய்தேன். "வீட்டுல இடம் அடைக்குதும்மா, அதான்" என்றார். சொல்லிவிட்டு இருமினார். சின்ன வயசிலிருந்தே அண்ணனுக்குப் பொய் சொன்னால் இருமல் வரும்.

"அண்ணியைக் குடுங்க."

"தூங்கறா."

மறுபடியும் இருமல்.

ஏப்ரல் 13, சனி

அண்ணியின் கத்தரியே வந்துவிட்டது.

கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது. 'இது துணிக்கு மட்டும், காகிதம் வெட்டினால் கையை வெட்டுவேன்' என்பதற்கு அடையாளம். அண்ணன் ஒரு தடவை அதால் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டு, ஒரு வாரம் அவரே சமைத்துச் சாப்பிட்டார். அதையா கொடுத்தார்கள்?

கூடையில் போட்டுக்கொண்டேன். கையில் பிடித்தபோது சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். இந்தக் கத்தரி மேல் எனக்கு எத்தனை வருஷக் கண்! வரவில்லை. 

அண்ணன் கொண்டுவந்து வைத்ததில் கடைசியாக ஒரு மூட்டை வெட்டுத்துணி. தலையணைக்குள் அடைக்க ஆகும் என்று அதையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரர், "உங்க அண்ணி வீடு இப்போ காலியா இருக்கும். நாம அங்க குடி போயிடலாமா?" என்றார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவரே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 17, புதன்

வேலைக்கு அண்ணி கத்தரியை எடுத்துப் போனேன். வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது. இந்த முறை நிஜமாகவே.

ஏப்ரல் 19, வெள்ளி

தலையணைக்கு அடைக்கலாம்னு மூட்டையைப் பிரிச்சேன். பிரிச்சிருக்கவே வேண்டாம். இல்ல, முன்னாடியே பிரிச்சிருக்கணும்.

வெட்டுத்துணின்னா வெட்டினதுக்கு அப்புறம் மிச்சமா விழுறது. இது மிச்சம் இல்ல. எல்லாத்துலயும் சாக்கட்டியால ஒரு நேர்கோடு போட்டிருக்கு. அந்தக் கோட்டு மேல வெட்டப் பார்த்திருக்காங்க. ஒரு துண்டு இல்ல, மூட்டை முழுக்க அதான். பழகறதுக்கு வெட்டினது. ஓரம் பூரா மென்னு துப்பின மாதிரி, எலி கடிச்ச மாதிரி. அண்ணி வெட்டின ஓரமா இது? அண்ணி வெட்டினா அளவுகோலை வெச்சுப் பார்க்கலாமே!

கோணலா இருந்தா வயசாச்சு, கண்ணு தெரியலன்னு சொல்லலாம். இது கோணல் இல்ல. அலகுக்கு நடுவுல துணி மடிஞ்சு நசுங்கின ஓரம். இதே ஓரத்தை நான் பார்த்திருக்கேன். என் மேசையிலேயே பார்த்திருக்கேன். போய் அந்தச் சாம்பல் துணியை எடுத்துட்டு வந்து பக்கத்துல வெச்சேன். அச்சு அசலா ஒண்ணு.

அது கைக்கும் கத்தரிக்கும் சேராதப்போ வர்ற ஓரம். நான் இடது கைக் கத்தரியை வலது கையில பிடிச்சேன். அண்ணி அவங்க கத்தரியை —

இடது கையில பிடிச்சிருக்காங்க.

ஏன்? வலது கைக்கு என்ன ஆச்சு?

அன்னைக்குக் கையை நீட்டினாங்களே. விரல் வழுக்கிச்சே. நான் என் கண்ணால பார்த்தேனே! கம்பளி உருண்டை மேல விழுந்த கையைப் பார்த்துட்டு, அடுத்த நிமிஷம் கத்தரியைத் தூக்கினேன். என்ன கத்தரின்னு தெரியாமலே நான் எடுத்தேன். அவங்களுக்குத் தெரியும். கயிறு கட்டியிருந்தாலும் அண்ணி கண்ணுக்கு அலகு எந்தப் பக்கம்னு தெரியாமலா இருக்கும்? அது பீச்சாங்கைக் கத்தரின்னு தெரிஞ்சுதான் கேட்டாங்க. "இது ஒண்ணை மட்டும் விட்டுடு." இத்தனை வருஷத்துல அண்ணி என்கிட்ட கேட்ட ஒரே பொருள். அதையும் குடுக்காம, சட்டம் பேசினேன். குடுக்காதது மட்டுமா, வெண்ணெய் மாதிரி வெட்டுதுன்னு சொல்லி அனுப்பினேன்.

பாவி நான்.

ஏப்ரல் 20, சனி

கடைக்குப் போகவில்லை. பீச்சாங்கைக் கத்தரியை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி கதவைத் திறந்தார்கள். இடது கையால். தையல் மிஷின் மேல் விரிப்பு, விரிப்பின் மேல் ஒரு பூச்சட்டி. அந்த மிஷின் மேல் ஒரு டம்ளர் வைத்தால்கூடத் திட்டுகிறவர்கள்.

"கையைக் காட்டுங்க அண்ணி."

"என் கையில என்ன இருக்கு? ரேகை பாக்கப்போறியா?"

அண்ணன் சமையலறையிலிருந்து இருமினார். "சொல்லிடேன்" என்றார் அங்கிருந்தே.

அப்புறம்தான் சொன்னார்கள். கழுத்தில் நரம்பு அழுத்துகிறதாம். போன வருஷத்திலிருந்தே கட்டைவிரல் மரத்துப்போயிருக்கிறது. இப்போது வலது கையில் பிடிமானமே இல்லை. டம்ளர் நழுவுகிறது, கத்தரி திறக்க வரவில்லை. ஆபரேஷன் செய்தாலும் பழையபடி வருமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. "சாமானெல்லாம் கண் முன்னாடி இருந்தா மனசு துறுதுறுங்குது. கை வரமாட்டேங்குது. அதான் உன் அண்ணனை எடுத்துட்டுப் போகச் சொன்னேன். நீ வாங்குவேன்னு தெரியும். வேற யார்கிட்டயும் போகலயே, அது போதும்."

நான் பட்டன் சரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தது ஞாபகம் வந்தது.

துண்டைப் பிரித்தேன். "இது எனக்கு வெட்டல அண்ணி. முதல் நாள்லயிருந்தே வெட்டல. நீங்க வெச்சுக்குங்க."

"வெண்ணெய் மாதிரி வெட்டுதுன்னியாமே?"

"பொய்."

"தெரியும். நீ சொன்ன அன்னைக்கே சிரிச்சேன்" என்றார்கள். முகத்தில் சிரிப்பு இல்லை. கத்தரியைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்கள். "வேண்டாம். கை வெச்சது நீ. அன்னைக்குக் கேட்டேன், நீ குடுக்கல. சரி, அது சட்டம். இன்னைக்குக் கை போச்சுன்னு தெரிஞ்சதும் தூக்கிட்டு வர்றே. இது என்ன? என் மேல இரக்கப்பட்டுக் குடுக்கற பொருள் வேண்டாம்."

"இரக்கம் இல்ல அண்ணி."

"பின்ன?"

 வாயைத் திறந்தால் குத்துகிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கத்தரியை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் அண்ணன் கூட வந்தார். "நாள் முழுக்க ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கா. என்னைத் திட்டறதுகூட இல்ல. எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். இருமவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

அண்ணி தைக்காமல் இருந்தால் என்ன ஆவார்கள்?  அழுதேன். வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையிலிருந்த துணியையெல்லாம் மடித்து வைத்தார். எல்லாவற்றையும் தப்புத் தப்பாக மடித்தார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

அண்ணி கோபத்துக்கு மருந்து அண்ணியின் சட்டமே. நான் கொடுத்தால்தானே வாங்க மாட்டார்கள்?

ஏப்ரல் 25, வியாழன்

வேலை முடிந்து வரும் வழியில் கத்தரியைக் கடையிலேயே கொடுத்துவிட்டேன். கடைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா? குடுக்கறதுக்கா வந்தீங்க? உடம்பு நல்லா இருக்கா?"

"சனிக்கிழமை காலையில அலமாரியில வெச்சா போதும். அதுக்கு முன்னாடி வேண்டாம்" என்றேன். எடுத்து ஒதுக்கி வை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஒதுக்கி வைத்தால் அது மறுபடியும் தானம்தான். அண்ணி மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

அண்ணனுக்குப் போன். "அண்ணிகிட்ட இப்படியே சொல்லுங்க. கத்தரியைக் கடைக்கே திருப்பிக் குடுத்துட்டேன். சனிக்கிழமை அலமாரியில இருக்கும். யார் கை வெக்கறாங்களோ அவங்களுக்கு. ஊதாத் தொப்பிக்காரி வெச்சா அவளுக்கு."

"அவ வரலன்னா?"

"வரலன்னா போகட்டும்" என்றேன். போனை வைத்த பிறகு எனக்கும் இருமல் வந்தது.

ஏப்ரல் 27, சனி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேனா? ஊதாத் தொப்பிக்காரி என்று பேச்சுக்குச் சொன்னேன். அவளே வந்து வைத்தாள்.

நான் உள்ளே போகும்போது கத்தரி அலமாரியில் இல்லை. அவள் கூடையில் நூல் உருண்டைகளுக்கு மேல் கிடக்கிறது. அண்ணி இன்னும் வரவில்லை. 

"நீங்க தைக்க மாட்டீங்களே?" என்றேன்.

"ரோஜாச் செடி வெட்ட" என்றாள்.

ரோஜாச் செடி! அந்த அலகில்! வேறு நாளாக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். ஓடிப்போய்த் தோட்டச் சாமான் பக்கத்திலிருந்து செடி வெட்டுகிற கத்தரி ஒன்றை எடுத்து வந்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது லேசா இருக்கு. எனக்கு இதான் பிடிச்சிருக்கு. நான்தானே முதல்ல எடுத்தேன்?"

நியாயம். என்னுடைய அதே நியாயம்.

"தயவு செஞ்சு அதை எனக்கு விட்டுடுங்க" என்றேன். என் வாயிலிருந்து வருகிறபோதே அது யார் சொன்ன வார்த்தை என்று தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "எதுக்கு?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அன்றைக்கு நான் அண்ணியைக் கேட்காத வார்த்தை. முன்பின் பழக்கமில்லாத இந்தத் தொப்பிக்காரிக்குக் கேட்கத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கடை நடுவில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அண்ணியின் கை, கத்தரி, சட்டம், வெண்ணெய் வரைக்கும். அவள் கத்தரியை எடுத்து அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தாள். செடிக் கத்தரியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஆனால் போகவில்லை. நூல் பார்ப்பதுபோல் அங்கேயே நின்றாள். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன.

அண்ணி வந்தார்கள். அண்ணன் பின்னால். அண்ணி அலமாரியைப் பார்த்தார்கள், பிறகு தூரத்தில் நின்ற என்னை.

"அங்க என்ன பண்றே?"

"ஜிப் பாக்கறேன்."

"ஜிப் இங்கதானே இருக்கு, அங்க எல்லாம் குடை. வா இங்க." பக்கத்தில் போனேன். என்னை இழுத்துத் தன் தோளோடு தோளாக நிறுத்தினார்கள். அலமாரியிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே தூரம். "இப்போ" என்றார்கள்.

அண்ணியின் இடது கை கத்தரி மேல் பொத்தென்று விழுந்தது. என் கை அதற்கு மேல் விழுந்தது.

"நீ மெதுவா வந்தே" என்றார்கள்.

"சத்தியமா இல்ல அண்ணி."

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. நீ கெட்டிக்காரியும் இல்ல." ஆனால் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. தொப்பிக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மெதுவாகத்தான் நீட்டினேனா? இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

மே 5, ஞாயிறு

அண்ணி வீட்டில் மிஷின் மேலிருந்த பூச்சட்டி போய்விட்டது. முதலில் காகிதம் வெட்டிப் பழகுகிறார்கள்; காகிதத் தடை சிவப்புத் துணிக் கத்தரிக்கு மட்டும்தானாம். கோடு போன இடமும் கத்தரி போன இடமும் வேறு வேறு. நான் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். "தொட்டே, உன்னையும் சேர்த்து வெட்டுவேன்" என்றார்கள். அண்ணன் உள்ளே போய்ச் சந்தோஷமாக டீ போட்டார். வீட்டில் மறுபடியும் திட்டு விழ ஆரம்பித்துவிட்டதாம்.

மே 12, ஞாயிறு

பட்டன் சரங்களையும் லைனிங் துணியையும் தூக்கிக்கொண்டு போனேன். "இதெல்லாம் நீ வாங்கினது" என்று வாங்க மறுத்துவிட்டார்கள். "வேணும்னா உன் வீட்டுக்கு வந்து எடுத்துக்கறேன். அங்கதான் கடையைவிட நிறைய இருக்கு." சிவப்புத் துணி சுற்றிய கத்தரியைப் பற்றி மட்டும் கேட்டார்கள்.

"காகிதம் வெட்டலயே?"

"தலையே போனாலும் வெட்டமாட்டேன்."

"அப்ப நீயே வெச்சுக்கோ."

மே 22, புதன்

வேலை அதிகம். விசேஷமாக ஒன்றுமில்லை.

மே 26, ஞாயிறு

அண்ணன் போன். அண்ணி அவருக்கு ஒரு பைஜாமா வெட்டித் தைத்துவிட்டார்களாம். ஒரு கால் கொஞ்சம் நீளம். "சொல்லவா வேண்டாமா?" என்று கேட்டார்.

"சொல்லாதீங்க. என்கிட்ட குடுங்க, நான் மடிச்சுத் தரேன்."

"அப்பவும் கண்டுபிடிச்சுடுவாளே?"

"அப்ப நீளமாவே போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம்.

ஜூன் 8, சனி

மழை. கடையில் கூட்டம் இல்லை. தொப்பிக்காரி அண்ணிக்கு ஒரு கைக்குட்டையில் ரோஜாக்கள் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஒழுங்கான கத்தரியால் வெட்டியது.

அலமாரியின் கீழ்த்தட்டில், யாரோ கலைத்துப் போட்ட ஊசிப் பொட்டலங்களுக்குப் பின்னால், ஒரு தகர டப்பா. மூடி கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே சிப்பிப் பட்டன்கள், பெரிசும் சின்னதுமாக, ஒன்றுகூட உடையாமல். இந்தக் கடையில் இதுவரை வந்ததிலேயே நல்லது இதுதான். முதலில் பார்த்தது நான். அண்ணி கம்பளி பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். சத்தம் போடாமல் குனிந்தேன். கையை நீட்டினேன். உயிரைக் கொடுத்து நீட்டினேன்.

என் விரல் படுவதற்குள் டப்பா மேல் அண்ணியின் இடது கை.

 கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார்கள்.

வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இத்தனை சந்தோஷமான வயிற்றெரிச்சல் எனக்கு வந்ததே இல்லை.